பதினாலாம் பக்கத்துக் கிணறு

கள்ளியந்துறை என்றொரு ஊர் இருந்தது உங்களில் ஒருவருக்கும் தெரிந்திராது. தெரியாததால் ஒரு நட்டமும் வந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கிற தீவுகளில் ஒன்றின் கடைசி நுனி. நூற்றிருபது வீடு, இரண்டு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் பெட்டி. மிச்சமெல்லாம் கள்ளியும் கல்லும் வெய்யிலும். பஸ்கூட ஊருக்குள்ளே வராது, பக்கத்து ஊரோடு திருப்பிக்கொண்டு ஓடிவிடும். எங்கே கிண்டினாலும் உவர்த் தண்ணி. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து சனம் வெளிக்கிட்ட பிறகு அங்கே குடியிருந்தது ஆடுகள் மட்டும்தான்.

ஆனால் பாருங்கோ, 1996ஆம் ஆண்டு ரொறன்ரோவிலே அந்த ஊருக்கு ஒரு தலைவர் இருந்தார். இரண்டு உபதலைவர்கள், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஐந்து போசகர்கள், பதினொரு செயற்குழு உறுப்பினர்கள். ஆளே இல்லாத ஊருக்கு ஐந்து போசகர்! ஆரைப் போசிக்கிறார்களோ, ஆட்டையோ! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கார்பரோவில் ஒருவருடைய நிலக்கீழ் அறையில் கூடி, வடையும் தேத்தண்ணியும் முடித்து, ஆர் மேடையில் எந்தக் கதிரையில் இருப்பது என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டை முடிந்தால் கூட்டமும் முடிந்துவிடும்.

அந்த வருடம் அவர்களுக்கு ஒரு மலர் வெளியிடவேண்டும் என்ற ஆசை வந்தது. ஊர்ப்பற்றினால் வந்த ஆசை என்று நினைக்காதேயுங்கோ. பக்கத்து ஊர்ச் சங்கம் தொண்ணூற்றாறு பக்கத்தில் கலர் மட்டையோடு ஒரு மலர் போட்டுவிட்டது. கள்ளியந்துறைக்கு பஸ் வராமல் திருப்பிக்கொண்டு போன அதே ஊர். அது பொறுக்கவில்லை. உடனே நூற்றிருபது பக்கம் என்று தீர்மானம் நிறைவேறியது. முதல் பிரதியை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுப்பதாகவும் இன்னொரு தீர்மானம். அதைத் தமிழில் அடித்துத் தர ஆள் தேடினார்கள். எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள், மல்வேர்னில் இருக்கிற யோகமலர்.

யோகமலரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். வயது முப்பத்தெட்டு. விடிய ஐந்தரை பஸ்ஸில் போய் ஒரு மஃபின் தொழிற்சாலையில் இரண்டரை மணிவரை பெட்டி கட்டுவாள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவிப்போட்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் இருக்கிற கணினிக்கு முன்னால் குந்துவாள். கலியாணக் காட், சாமத்திய வீட்டுக் காட், செத்த வீட்டு நினைவு மலர், புடவைக்கடை நோட்டீஸ், எல்லாம் அந்த மேசையில்தான் பிறந்தன. யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவள் அவள். எழுத்தைத் தலைகீழாக வைத்தாலும் வாசிப்பாள். கெதியாய் அடிப்பாள், பிழை விடமாட்டாள், எல்லாவற்றையும் விட வாய் காட்டமாட்டாள் என்று சனம் அவளுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்திருந்தது. வாய் காட்டாததன் காரணம் என்ன என்று ஒரு சனமும் கேட்டதில்லை.

தலைவர் விநாயகமூர்த்தி ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தார். ஆயுள் காப்புறுதி முகவர். கோட்டும் ரையும் கறுப்புப் பெட்டியும். எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் அங்கே ஆர் முதல் சாவார் என்று கணக்குப் போடுகிற கண். கதிரையில் இருந்ததும் இருக்காததுமாகக் கேட்டார்:

"தங்கச்சிக்கு எந்த ஊர்?"

"கோப்பாய், அண்ணை."

"கோப்பாயிலை எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி இருக்கிறதே, இது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, பிளேன் ஏறி, அகதி என்று கையைத் தூக்கி, வெல்ஃபெயர் எடுத்து, கோப்பை கழுவி, சிற்றிசன் எடுத்த பிறகும் சாகாத கேள்வி. மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்கு உறைந்துபோகும், காது உறைந்துபோகும், இந்தக் கேள்வி மட்டும் உறையாது. எந்தப் பக்கம் என்றால் திசை கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதேயுங்கோ. நீ என்ன சாதி என்று நேரே கேட்க வெட்கம். அவ்வளவுதான்.

"இவர்தான் கோப்பாய். கோயிலுக்குக் கிட்ட," என்றாள் யோகமலர்.

எந்தக் கோயில் என்று சொல்லவில்லை. அவளுடைய புருசன் குலசிங்கம் கோப்பாய்தான், பொய்யில்லை. கனடாவுக்கு வந்த ஏழு வருடமாக இரண்டு பேரும் அந்தக் கோப்பாயைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். விநாயகமூர்த்திக்கு அந்தப் பதில் போதும்போலப் பட்டது. ஒரு தேத்தண்ணி குடித்தார். சீனி கொஞ்சம் காணாது என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி போடுவித்துக் குடித்தார். பிறகு பெட்டியைத் திறந்து, கையால் எழுதிய ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். அது அவரே எழுதியது. மேலே கொட்டை எழுத்தில்: "எழில்மிகு கள்ளியந்துறை – ஓர் ஊர் வரலாறு."

யோகமலர் அந்தத் தலைப்பைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாய் காட்டாதவள் முகம் காட்டுவாளா?

அவள் பிறந்த ஊர் அது.

அவர் போன பிறகு வாசித்தாள். அட கடவுளே! ஊரைப்பற்றிப் புளுகிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? முதல் பக்கத்திலேயே "வற்றாத ஓடைகள் சலசலக்க" என்று ஓடியது. கள்ளியந்துறையில் ஓடியது மழைக்காலத்தில் பள்ளிக்கூடக் கூரையால் ஒழுகின தண்ணி ஒன்றுதான். "பொன்விளையும் வயல்கள்" என்று ஒரு பந்தி. வயலாவது, மண்ணாங்கட்டியாவது! குரக்கன் விதைத்துப் பாதியைக் காகத்துக்குக் கொடுத்த ஊர். "அறிஞர்களும் கலைஞர்களும் நிறைந்த" என்று ஒரு பக்கம். அறிஞர் என்று பேர் போட்டிருந்த பத்துப் பேரில் ஏழு பேர் விநாயகமூர்த்தியின் சொந்தக்காரர். மற்ற மூன்று பேர் சொந்தத்தில் கலியாணம் செய்தவர்கள். இந்த மனுசன் அறுபத்தெட்டில் கொழும்புக்கு வேலைக்குப் போய், பிறகு ஊர்ப்பக்கம் தலை வைத்துப் படுக்காதவர். பனி கொட்டுகிற ஊரில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து எழுதினால் கள்ளிச் செடியும் தாமரையாகத்தான் தெரியும்.

ஊரின் குறிச்சிகளை எல்லாம் பேர் பேராக எழுதியிருந்தார். ஆறு குறிச்சி. யோகமலர் எண்ணிப் பார்த்தாள், திருப்பியும் எண்ணினாள். ஆறுதான். ஏழாவது, பனையடி, இல்லவே இல்லை. முப்பது குடும்பம் இருந்த இடம். ஊருக்கு மரம் ஏறி, மதில் கட்டி, பிணம் எரித்து, கிணறு வெட்டிக் கொடுத்த முப்பது குடும்பம். அவள் பிறந்த குடிசை அங்கேதான்.

அதோடு விட்டிருந்தால் அவளும் அடித்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். பழகின விசயம். ஆனால் மலரின் பதினாலாம் பக்கத்துக்கென்று குறித்திருந்த தாளில் இப்படி எழுதியிருந்தது:

"ஊரவர் உவர் நீரால் அல்லலுற்ற காலை, விதானையார் சிவபாதம் அவர்கள் 1961ஆம் ஆண்டில் தாமே தோண்டியளித்த நன்னீர்க் கிணறு எமது ஊரின் அமுதசுரபியாகும். சாதி பேதமின்றி அனைவரும் ஒன்றாக அள்ளிப் பருகிய அக்கிணற்றடியிலே, ஊரின் தாகம் தீர்த்த தாயாக விளங்கியவர் அவரது துணைவியார் மங்கையற்கரசி அம்மா."

விதானையார் சிவபாதம், அந்தக் காலத்து ஊர் அதிகாரி, விநாயகமூர்த்தியின் தகப்பன். மங்கையற்கரசி அம்மா தாய்.

தாமே தோண்டினாராம்! விதானையாரின் கை மண்வெட்டிப் பிடியைத் தொட்டதை அந்த ஊரில் ஒரு காக்காய் குருவி கண்டதில்லை. தோண்டியது முத்தன். யோகமலருடைய அப்பா. நல்ல தண்ணி எங்கே கிடக்கு என்று பார்க்க, ஊர் முழுக்க இடம் இடமாய்க் கிண்டி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தவர். இரண்டு மாதம் வாயில் மண். கடைசியில் பூவரச மரத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டி, இஞ்சைதான் என்றார். பதினெட்டு முழம் கல்லை உடைத்துக்கொண்டு இறங்கினார். ஊற்றுக் கண் திறந்த அன்றைக்கு, அடியில் நின்றபடியே இரண்டு கையாலும் அள்ளி ஒரு வாய் குடித்துவிட்டு, மேலே நின்ற விதானையாரைப் பார்த்து, "ஐயா, இனிக்குது!" என்று கத்தினாராம்.

அந்த ஒரு வாய்க்கு என்ன நடந்தது தெரியுமா? முத்தன் வாய் வைத்த தண்ணி என்று கிணற்றை மூன்று தரம் வற்ற இறைத்தார்கள். அந்த இறைப்பையும் முத்தனைக்கொண்டுதான் செய்வித்தார்கள். பிறகு ஐயர் வந்து மஞ்சள் தண்ணி தெளித்தார். அதற்குப் பிறகு முத்தன் செத்த நாள்வரை தன்னுடைய கையால் அந்தக் கிணற்றில் ஒரு சொட்டு அள்ளியதில்லை. பனையடிச் சனம் குடத்தைக் கொண்டுபோய், கிணற்றுக்கட்டிலிருந்து பத்தடி தள்ளி வரிசையாய் வைத்துவிட்டு நிற்கவேண்டும். பெரிய வீட்டுப் பொம்பிளை ஆராவது மனம் வந்து வந்தால் அள்ளி வார்ப்பார்கள். வாளி குடத்தில் முட்டக்கூடாது என்று எட்டத் தூக்கி வார்ப்பார்கள். பாதி குடத்துக்குள், பாதி மண்ணுக்குள். தாகம் தீர்த்த தாய் பின்னேரம் நித்திரையாய்ப் போனால் பனையடியில் அன்றைக்கு உலை இல்லை.

"உதைப் பாருங்கோ," என்று குலசிங்கத்திடம் தாளை நீட்டினாள். அவன் வாசித்தான். வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தான்.

"உவங்கள் எழுதிறாங்கள், நீ அடிக்கிறாய். உனக்கென்ன வந்தது?"

"என்ரை அப்பான்ரை பேர் இல்லை."

"எங்கை இருந்தது, இஞ்சை இருக்கிறதுக்கு? விசர்க்கதை கதையாதை. எங்கடை மகள் நிலாணி உவையின்ரை பிள்ளையளோடைதான் டான்ஸ் கிளாசுக்குப் போறாள். நாளைக்கு அவளை ஆரும் ஒரு மாதிரிப் பார்த்தால் நீ என்ன செய்வாய்? உனக்கு ஒரு காட் அடிக்க ஒரு சனம் வருமோ?"

குலசிங்கம் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயப்பிடக் காரணம் இருந்த பயம் அது. யோகமலர் முதல் பதின்மூன்று பக்கத்தையும் அடித்து முடித்தாள். வற்றாத ஓடையையும் அடித்தாள், பொன்விளையும் வயலையும் அடித்தாள். ஒரு எழுத்து மாற்றவில்லை.

அதற்குப் பிறகு விநாயகமூர்த்தி கிழமைக்கு இரண்டு தரம் வரத் தொடங்கினார். வாழ்த்துச் செய்தி ஒன்று சேர்க்க, தன்னுடைய படத்தை இன்னும் கொஞ்சம் பெருப்பிக்க, உபதலைவரின் படத்தை இன்னும் கொஞ்சம் சின்னனாக்க. வந்தால் தேத்தண்ணி. "தங்கச்சியின்ரை தேத்தண்ணி மாதிரி ரொறன்ரோவிலை ஒரு இடத்திலையும் இல்லை," என்பார். தட்டில் வைத்த பருத்தித்துறை வடையை ஒன்றுக்கு மூன்றாய்க் கடிப்பார். போகும்போது குலசிங்கத்தின் தோளில் தட்டி ஒரு காப்புறுதித் திட்டத்தின் பேரையும் சொல்லிவிட்டுப் போவார்.

ஐந்தாம் கிழமை ஒரு படம் கொண்டுவந்தார்.

"இந்தாங்கோ தங்கச்சி, கிணத்துக்கு ஒரு படம் அம்பிட்டிட்டுது! அறுபத்தாறிலை எங்கடை மாமா கமராவோடை வந்து எடுத்தது. இது அம்மா. பதினாலாம் பக்கத்திலை பெரிசாய்ப் போடுங்கோ."

கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் கிணற்றுக்கட்டு. துலாக் கயிற்றைப் பிடித்தபடி மங்கையற்கரசி அம்மா, நல்ல சேலையும் அட்டியலும் போட்டுக் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. வலது பக்கம், தள்ளி, ஆறு குடம். குடங்களுக்குப் பின்னால் இரண்டு பொம்பிளைகளும் ஒரு சின்னப் பெட்டையும். படத்தின் வெள்ளைக் கரையில் விநாயகமூர்த்தி சிவப்புப் பென்சிலால் ஒரு அடையாளம் போட்டிருந்தார்.

"இந்தக் கோட்டுக்கு அங்காலை உள்ளதை வெட்டிவிடுங்கோ. ஓரத்திலை நிக்கிறதுகள் படத்தின்ரை வடிவைக் கெடுக்குதுகள்."

"ஆர் அண்ணை உவை?"

"அதுகளோ? தண்ணிக்கு வந்ததுகள்," என்று சொல்லித் தேத்தண்ணியை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

யோகமலர் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பெட்டை கோதம்பை மாச் சாக்கில் தைத்த சட்டை போட்டிருந்தது. சாக்கில் அச்சடித்த இங்கிலீசு எழுத்து வயிற்றுப் பக்கம் பாதி தெரிந்தது. காலடியில் நெளிந்த அலுமினியக் குடம். அந்த நெளிவு அவளுக்குத் தெரியும், அதைப் போட்டு நெளித்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கியது அவள்தான். பக்கத்தில் நின்றது பெரியம்மா வள்ளி, மற்றது சின்னாச்சி. கமராக்காரன், "ஏய் பெட்டை, அங்காலை போ!" என்று கத்தியதும் நினைவு வந்தது. அவள் போகவில்லை. போனால் வரிசை போய்விடும். விடியத் தொடங்கி நின்ற வரிசை. எட்டு வயதுப் பிள்ளை ஒரு குடம் தண்ணிக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறது. முப்பது வருடம் கழித்து, மல்வேர்னில், அதே பெட்டையை அவளுடைய கையாலேயே வெட்டிவிடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கொடுத்தவர் அவளுடைய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கிறார்!

"சரி அண்ணை," என்றாள். வேறென்ன சொல்வது?

அவர் போன பிறகு படம் வெட்டுகிற பிளேட்டை எடுத்தாள். படத்தைக் கண்ணாடித் தட்டில் வைத்து, அடிமட்டத்தைச் சிவப்பு அடையாளத்தில் பிடித்தாள். நேர்கோடாய் ஒரு இழுவை. ஒரு செக்கன் வேலை. ஆயிரம் படம் வெட்டின கை. குசினி வாசலில் நின்று குலசிங்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெட்டு," என்றான். "வெட்டிப்போட்டுக் குடு. முடிஞ்சுபோம்."

"வெட்டினால் அப்பா கிணறு வெட்டேல்லை. நானும் தண்ணிக்கு நிக்கேல்லை. நாங்கள் அந்த ஊரிலை பிறக்கவேயில்லை," என்றாள் யோகமலர். "அப்ப நான் ஆர்? நீங்களே சொல்லுங்கோ, நான் ஆர்?"

அவள் பிளேட்டை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள்.

படத்தை முழுதாகவே பதினாலாம் பக்கத்தில் ஒட்டினாள். மேலே விநாயகமூர்த்தி எழுதியது, ஒரு சொல் குறையாமல்: சாதி பேதமின்றி அனைவரும் ஒன்றாக அள்ளிப் பருகிய அமுதசுரபி. கீழே, எங்கள் மலர்களில் எல்லாப் படத்துக்கும் கீழே போடுவார்களே, இடமிருந்து வலம் என்று, அதை மட்டும் அவள் எழுதினாள்.

செய்ததை ஒளிக்கவும் இல்லை. அச்சுக்குப் போக முந்தி முழுப் புத்தகத்தின் புரூஃபையும் மேசையில் அவருக்கு முன்னால் வைத்தாள். "ஒருக்கால் எல்லாப் பக்கமும் வடிவாய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கோ அண்ணை. பிறகு என்னைக் கேக்கக்கூடாது." தேத்தண்ணியும் வைத்தாள்.

அவர் பார்த்தார். எப்படிப் பார்த்தார்? மூன்றாம் பக்கத்தில் தன்னுடைய படத்தைக் கால் மணித்தியாலம் பார்த்தார். ரை கறுப்பாய் விழுந்திட்டுது, அது மெரூன் நிறம் எல்லோ என்று கவலைப்பட்டார். ஐந்தாம் பக்கத்தில் உபதலைவரின் படத்தை விரலால் அளந்தார். ஏழாம் பக்கத்தில் போசகர்களின் பேர் வரிசையை இரண்டு தரம் வாசித்து, ஒரு போசகரை ஒரு படி கீழே இறக்கினார். எட்டாம் பக்கத்திலிருந்து ஊர் வரலாறு. அவர் அதைக் கட்டாகப் பெருவிரலால் பிடித்து, "இது நான் எழுதினதுதானே," என்று ஒரே தட்டில் புரட்டி, தன்னுடைய காப்புறுதி விளம்பரம் இருந்த இருபதாம் பக்கத்துக்குப் போய்விட்டார். போன் நம்பர் சரியா என்று மூன்று தரம் பார்த்தார். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஊர், ஊர் என்று மேடைக்கு மேடை கண்ணீர் விடுகிற மனுசன், தன்னுடைய கையால் எழுதிய ஊரைத் தானே ஒருக்கால் திருப்பிப் பார்க்கவில்லை! செயற்குழுவில் மற்றப் பதினைந்து பேருக்கும் புரூஃப் போனது. அவரவர் படத்தை அவரவர் பார்த்தார்கள். ஊரை ஒருவரும் பார்க்கவில்லை.

மலர் வெளியிடுகிற ஒன்றுகூடல் ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை, ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். யோகமலருக்கும் அழைப்பு வந்தது. அவள் போகவில்லை, அன்றைக்கு ஓவர்டைம். மஃபினை ஆறு ஆறாய்ப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, இப்ப புத்தகத்தைப் பிள்ளையாருக்கு வைச்சிருப்பினம், இப்ப மேடையிலை குடுப்பினம், இப்ப பிரிச்சிருப்பினம் என்று நினைத்துக்கொண்டு நின்றாள். பயமாய்த்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்தநாள் காலமை பத்து மணிக்கு போன் அடித்தது. குலசிங்கம் எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். யோகமலர் எடுத்தாள்.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய்?"

நீங்கள் போய் நீ வந்துவிட்டது. தங்கச்சியையும் காணவில்லை. இரண்டு மாதமாக இனிக்க இனிக்கக் கதைத்த அதே வாய்தான்.

"என்ன அண்ணை?"

"என்ன அண்ணையோ? மண்டபம் முழுக்கப் பதினாலாம் பக்கத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு குசுகுசுக்குது! எங்கடை அம்மா சக்கர நாற்காலியிலை இருந்துகொண்டு, 'உது முத்தன்ரை பெட்டை எல்லோ, உவளுக்கு நான்தானே எட்டத் தூக்கி வார்த்துவிடுறனான், வாளி முட்டாமல்' எண்டு சனத்துக்கு முன்னாலை பெருமையாய்ச் சொல்லுறா! அவவோடை மேசையிலை இருந்த ஆக்கள் எழும்பிப் போயிட்டினம். முன்னூறு புத்தகமும் சனத்தோடை வீடு வழியப் போயிட்டுது. கடைசிப் பக்கத்திலை கணினி எழுத்து யோகமலர் எண்டும் கிடக்கு!"

யோகமலர் ஒரு கையால் போனைப் பிடித்தபடி மற்றக் கையால் மேசையிலிருந்த மலரைத் திறந்தாள். படத்துக்குக் கீழே இருந்ததை நிதானமாக வாசித்தாள், போனுக்குள் கேட்க:

"இடமிருந்து வலம். தண்ணீர் வார்ப்பவர், திருமதி மங்கையற்கரசி சிவபாதம். வார்க்கும்வரை காத்து நிற்பவர்கள், பனையடியைச் சேர்ந்த வள்ளி, சின்னாச்சி, முத்தனின் மகள் யோகமலர். இக்கிணற்றைத் தோண்டியவர், முத்தன்." நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இதிலை எது அண்ணை பொய்?"

அங்கே தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. எது பொய் என்று தேடினாரோ என்னவோ. அகப்பட்டிருக்காது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஆராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடு, அவர் கேட்டார். கிணற்றைப்பற்றி இல்லை. முத்தனைப்பற்றி இல்லை. எழுதிய பொய்யைப்பற்றியும் இல்லை.

"நீ இன்ன பக்கம் எண்டு எனக்கு முதலே சொல்லியிருக்க வேண்டாமோ? நான் எத்தினை தரம் உன்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனான்!"

அடுப்பில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. குலசிங்கம் குசினி வாசலில் நின்றான். யோகமலருக்குப் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சிரிப்புத்தான் வந்தது, நல்ல கசந்த சிரிப்பு.

"பதினொரு தரம், அண்ணை. ரெண்டு தரம் சீனி காணாதெண்டு கேட்டு வாங்கிக் குடிச்சனீங்கள்," என்றாள். "என்ரை அப்பா தான் தோண்டின கிணத்திலை ஒரே ஒரு வாய் குடிச்சதுக்கு, உங்கடை ஆக்கள் மூண்டுதரம் கிணத்தை வத்த இறைச்சு மஞ்சத் தண்ணி தெளிச்சவை. நீங்கள் பதினொரு தரம் குடிச்சிருக்கிறியள். இப்ப நீங்கள் எதை அண்ணை இறைக்கப் போறியள்?"